ராக்கெட் விஞ்ஞானமா, கம்ப சூத்திரமா?

எதையும் 'சுலபம்' என்று தட்டிவிட ஆங்கிலம் கண்டுபிடித்த தொடர், சூளூர்பேட்டைப் பக்கம் வந்தால் கொஞ்சம் தடுமாறுகிறது.

சென்னையிலிருந்து வடக்கே கூடூர் மார்க்கத்தில் புறப்படும் மின்சார ரயில்களில் சில சூளூர்பேட்டையோடு நின்றுவிடும். தூரம் 80 கி.மீ. சொச்சம். அங்கிருந்து கிழக்கே திரும்பி, பழவேற்காடு ஏரியை ஊடறுத்துச் செல்லும் சாலையில் சுமார் 18 கி.மீ. போனால் ஸ்ரீஹரிகோட்டா. இந்தியாவின் ராக்கெட்டுகள் கிளம்பும் தீவு. 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூளூர்பேட்டை, இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தெலுங்கும் தமிழும் மாறி மாறிக் காதில் விழும் ஊர். குளிர்காலத்தில் பூநாரை பார்க்க வருகிறவர்கள், ஆண்டு முழுக்கச் செங்காளம்மனைக் கும்பிட வருகிறவர்கள், ராக்கெட் நாளில் வானத்தைப் பார்க்க வருகிறவர்கள் என்று மூன்று வகைக் கூட்டம் இந்த ஊருக்கு உண்டு.

இந்த ஊர் வழியாக வேலைக்குப் போகிறவர்களின் தொழிலைத்தான் உலகம் முழுக்க அலுவலகங்களில் தினமும் இழுக்கிறார்கள். 'இட் இஸ் நாட் ராக்கெட் சயின்ஸ்.' சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'இது ராக்கெட் விஞ்ஞானம் அல்ல.' பொருள் வேறொன்றுமில்லை: இதற்குப் பெரிய மூளை வேண்டாம், கொஞ்சம் கவனித்தால் யாரும் செய்துவிடலாம். கணக்குப் புத்தகம் எழுதுவது, கணினியில் படிவம் நிரப்புவது, சாம்பார் வைப்பது எல்லாவற்றுக்கும் இந்தத் தொடர் பொருந்தும்.

பயன்படுத்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு. இது பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும். 'இது ராக்கெட் சயின்ஸ்' என்று ஒருவர் நேராகச் சொன்னால் ஆங்கிலக்காரருக்கே கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். இன்னொரு வடிவமும் புழக்கத்தில் உண்டு: 'இதைக் கண்டுபிடிக்க ராக்கெட் விஞ்ஞானி வேண்டியதில்லை.' கடையில் கூட்டம் இல்லை, சரக்கு திரும்பிப் போகிறது, ஊழியர்கள் குறைந்துவிட்டார்கள், வியாபாரம் படுத்துவிட்டது என்று சொல்ல ராக்கெட் விஞ்ஞானி எதற்கு? முதல் வடிவம் ஒரு வேலையின் எளிமையைச் சொல்கிறது. இரண்டாவது, ஓர் உண்மை கண்ணெதிரே இருப்பதைச் சொல்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம்.

தமிழுக்கு இது புதிய சரக்கு அல்ல. 'இது என்ன பெரிய கம்ப சூத்திரமா?' என்று பாட்டிமார்கள் கேட்டதுதான். கம்பர் என்று சிலர் விளக்கம் சொல்வார்கள், கழைக்கூத்தாடியின் கம்பம் என்று வேறு சிலர் சொல்வார்கள். 'சிதம்பர ரகசியமா?' என்பதும் அருகில் வரும், ஆனால் அதில் கடினத்தைவிட மர்மம் தூக்கல். சூளூர்பேட்டைத் தெலுங்கில் கேட்டால் 'பிரம்ம வித்தையா?' தமிழரும் அதைச் சொல்வதுண்டு. கவனித்தால் ஒரு வேறுபாடு தெரியும். ஆங்கிலம் 'அல்ல' என்று மறுக்கிறது, நாம் 'ஆ?' என்று கேட்கிறோம். மறுப்பதைக் கேள்வியாகக் கேட்பது நம் பேச்சின் பழக்கம். அதில் கிண்டலின் காரமும் ஒரு சிட்டிகை கூடுதல்.

ஒவ்வொரு மொழியும் எதைக் கொண்டுபோய் உச்சியில் வைக்கிறது என்பதுதான் இதில் சுவாரஸ்யம். ஜெர்மானியர் 'இது சூனியக்காரி வேலை அல்ல' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களும் மந்திரவாதத்தைத்தான் இழுக்கிறார்கள். அமெரிக்கர்கள் மட்டும் ராக்கெட்டைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வரலாறு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வெர்னர் ஃபான் பிரவுன் உள்ளிட்ட ஜெர்மானியப் பொறியாளர்களை அமெரிக்கா தன் நாட்டுக்குக் கொண்டுபோனது. 1957 அக்டோபர் 4ல் சோவியத் யூனியனின் ஸ்புட்னிக் மேலே போக, அமெரிக்காவுக்குக் கிலி பிடித்தது. 1969ல் நிலவில் மனிதன் இறங்கியபோது 'ராக்கெட் விஞ்ஞானி' என்பது மேதைக்கு மறுபெயராகிவிட்டது. 1980களில் அமெரிக்கப் பத்திரிகைகளில், குறிப்பாகக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் பற்றிய பேச்சுகளில், இன்றைய தொடர் பரவலாகத் தலைகாட்டுகிறது. அதே காலத்தில் நியூயார்க்கின் பங்குச் சந்தை நிறுவனங்கள் கணிதமும் இயற்பியலும் படித்தவர்களை வேலைக்கு எடுத்து, அவர்களையும் 'ராக்கெட் விஞ்ஞானிகள்' என்றே அழைத்தன. அவர்கள் விட்ட ராக்கெட்டுகள் எங்கே போய் விழுந்தன என்பது தனிக் கதை.

இதற்குப் போட்டியாக 'மூளை அறுவை சிகிச்சை அல்ல' என்ற தொடரும் உண்டு. இரண்டில் எது உசத்தி? 2021 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் தன் கிறிஸ்துமஸ் இதழில், பாதி விளையாட்டாகவும் பாதி உண்மையாகவும், ஓர் ஆய்வை வெளியிட்டது. 329 விண்வெளிப் பொறியாளர்களும் 72 மூளை அறுவை நிபுணர்களும் ஒரே அறிவுத் தேர்வை எழுதினார்கள். பொதுமக்கள் 18,000க்கும் மேற்பட்டோரின் மதிப்பெண்களோடு அவை ஒப்பிடப்பட்டன. பொறியாளர்கள் எந்தப் பிரிவிலும் பொதுமக்களிடமிருந்து குறிப்பிடத்தக்க அளவு வேறுபடவில்லை. மருத்துவர்கள் பிரச்னைகளை வேகமாகத் தீர்த்தார்கள், ஆனால் நினைவுக்குக் கொண்டுவருவதில் மற்றவர்களைவிட மெதுவாக இருந்தார்கள். இரு தரப்பையுமே காரணமில்லாமல் பீடத்தில் ஏற்றி வைத்திருக்கலாம் என்றது ஆய்வு.

வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் ராக்கெட் விஞ்ஞானம் என்றால் முட்டாள்தனம் என்று பொருள். 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ், ராபர்ட் கோடார்டு என்ற பேராசிரியரைத் தலையங்கத்தில் பரிகசித்தது. காற்றே இல்லாத வெளியில் ராக்கெட் எதைத் தள்ளிக்கொண்டு முன்னே போகும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்ததுகூட இவருக்குத் தெரியவில்லையே என்பது அதன் ஏளனம். தப்பு அந்தப் பத்திரிகையுடையது. ராக்கெட் காற்றைத் தள்ளுவதில்லை, தன் புகையைத்தான் பின்னால் தள்ளுகிறது. 1969 ஜூலை 17ல், அப்போலோ 11 நிலவை நோக்கிக் கிளம்பிய மறுநாள், அதே பத்திரிகை திருத்தம் வெளியிட்டது. கோடார்டு இறந்து ஏறக்குறைய 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

உண்மையில் இதன் விஞ்ஞானம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதி பள்ளிப் பாடம். எவ்வளவு எரிபொருள் இருந்தால் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்ற சமன்பாட்டை 1903ல் வெளியிட்டவர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி, ரஷ்யாவின் ஒரு சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர், காது சரியாகக் கேட்காதவர். அதற்கும் 123 ஆண்டுகளுக்கு முன்பே, 1780 செப்டம்பரில், காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தபோது மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன. விட்டவர்கள் சிப்பாய்கள். விஞ்ஞானிகள் அல்ல.

அப்படியானால் எது கடினம்? விண்வெளிக்குப் போவது அல்ல, அங்கே தங்குவது. பூமியைத் தாழ்வான பாதையில் சுற்ற ஒரு செயற்கைக்கோளுக்கு மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகம் வேண்டும். அந்த வேகத்துக்கு எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளைத் தூக்க மேலும் எரிபொருள் வேண்டும். இந்தியாவின் எஸ்.எல்.வி. 3 ராக்கெட்டின் எடை 17 டன். 1980ல் அது கொண்டுபோய்ச் சேர்த்த ரோகிணியின் எடை 35 கிலோ. இரண்டு அரிசி மூட்டைக்கும் குறைவான பாரத்துக்கு ஒன்றரை லாரி சுமை. சும்மா கிடைப்பதை விடக்கூடாது என்பதால்தான் கிழக்குக் கடற்கரை. மேற்கிலிருந்து கிழக்காகச் சுழலும் பூமியே ஸ்ரீஹரிகோட்டாவில் வினாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தைத் தானமாகத் தருகிறது, விழுந்தால் விழக் கடலும் இருக்கிறது. ஆனால் துருவங்களை நோக்கித் தெற்கே போகவேண்டிய பி.எஸ்.எல்.வி. நேராகப் போனால் வழியில் இலங்கை. எனவே சுற்றி வளைத்துப் போக வேண்டியிருக்கிறது, அதில் எரிபொருள் விரயம். இந்தச் சுற்றைச் சிறிய ராக்கெட்டுகளுக்காவது மிச்சப்படுத்தத்தான் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம். 2024 பிப்ரவரி 28ல் அடிக்கல் நாட்டினார்கள்.

இவையெல்லாம் தாளில் போடக்கூடிய கணக்கு. தாளில் வராத கணக்குதான் ஸ்ரீஹரிகோட்டாவின் சரித்திரம்.

1969ல் தேர்வான இந்தத் தீவிலிருந்து 1971 அக்டோபர் 9ல் முதலாவதாக ஒரு சிறிய ஆய்வு ராக்கெட் கிளம்பியது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1979 ஆகஸ்ட் 10 காலை, 22 மீட்டர் உயர எஸ்.எல்.வி. 3. திட்டத்தின் பொறுப்பு ஏ.பி.ஜே. அப்துல் கலாமிடம். கடைசி நிமிடத்தில் கம்ப்யூட்டர் 'நிறுத்து' என்றது. கசிவு இருந்தாலும் கையிருப்பு போதும் என்றார்கள் நிபுணர்கள். கலாம் கம்ப்யூட்டரை மீறிக் கிளப்பினார். முதல் அடுக்கு ஒழுங்காக வேலை செய்தது. இரண்டாவது அடுக்கில் கட்டுப்பாடு போயிற்று. 317 வினாடிகள் கழித்து ராக்கெட் வங்காள விரிகுடாவில். ஆராய்ந்தபோது, ஒரு வால்வில் அழுக்கு சேர்ந்து அது சரியாக மூடாததால் நைட்ரிக் அமிலம் வழிந்தோடியது தெரிந்தது. ஏழு ஆண்டு உழைப்பைக் குடித்தது, துடைத்தால் போகிற தூசு.

அன்று நிருபர்களைச் சந்தித்தவர் கலாம் அல்ல, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். தோல்விக்குத் தானே பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18ல் அதே ராக்கெட் வெற்றி பெற்றபோது, நிருபர்களிடம் பேசக் கலாமை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கலாம் இந்தக் கதையை வாழ்நாள் முழுக்க மேடைகளில் சொல்லி வந்தார். 2002 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டா மையத்துக்குத் தவானின் பெயர் சூட்டப்பட்டது.

அடுத்து வந்த ஏ.எஸ்.எல்.வி.யின் பாடு இன்னும் பரிதாபம். 1987 மார்ச்சில் பக்கவாட்டு ராக்கெட்டுகள் எரிந்து தீர்ந்தபின் முதல் அடுக்கு பற்றிக்கொள்ளவே இல்லை. 1988 ஜூலையிலும் கடல்தான். எஸ்.எல்.வி. என்றால் 'சீ லவ்விங் வெஹிக்கிள்', கடலைக் காதலிக்கும் வாகனம் என்று கேலி கிளம்பியது. 'ஏ' சேர்ந்ததும் 'ஆல்வேஸ்', அதாவது எப்போதும். 1993 செப்டம்பர் 20ல் முதல் பி.எஸ்.எல்.வி. கிளம்பியபோது கம்ப்யூட்டர் நிரலில் ஒரு பிழை. ஓர் எண் தன் வரம்பைத் தாண்டும்போது மட்டும் தலைகாட்டக்கூடிய பிழை. அன்று தாண்டியது. 2010 கிறிஸ்துமஸ் தினத்தன்று ஜி.எஸ்.எல்.வி.யில் பத்து மின் இணைப்புகள் நடுவானில் பிடுங்கிக்கொள்ள, ஒரு நிமிடச் சொச்சத்தில் ராக்கெட்டை அழிக்கவேண்டி வந்தது. 2022 ஆகஸ்டில் புதிய சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி., அடுக்கு பிரியும்போது ஏற்பட்ட அதிர்வைக் கருவிகள் கோளாறு என்று நினைத்துக்கொண்டதால் செயற்கைக்கோள்களைத் தப்பான பாதையில் இறக்கியது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1986 ஜனவரி 28ல் சேலஞ்சர் ஓடம் வெடித்து ஏழு பேர் இறந்ததற்குக் காரணம், குளிரில் விறைத்துப்போன ரப்பர் வளையம். விசாரணையில் ரிச்சர்டு ஃபைன்மன் அந்த ரப்பரை ஐஸ் தண்ணீர் டம்ளரில் முக்கிக் காட்டினார். 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கிய ஓர் அமெரிக்க விண்கலம் தொலைந்தது, ஒரு குழு பவுண்டுக் கணக்கிலும் இன்னொரு குழு நியூட்டன் கணக்கிலும் எண்களைக் கொடுத்ததால். எட்டாம் வகுப்பு வாத்தியார் 'அலகை எழுதினாயா?' என்று மதிப்பெண் குறைக்கும் தப்பு.

ராக்கெட் விஞ்ஞானிகளைக் கவிழ்த்ததெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் அல்லாத சங்கதிகள். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். ஒரு இயந்திரத்தில் பத்தாயிரம் பாகங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 99.99 சதவீதம் நம்பகமானது, எல்லாம் வேலை செய்தால்தான் இயந்திரம் ஓடும். அப்படியானால் அது ஓடுவதற்கான வாய்ப்பு 37 சதவீதம்கூட இல்லை. அதனால்தான் ஒன்றுக்கு இரண்டாகக் கருவிகள் வைப்பது, ஒரே இணைப்பைத் திரும்பத் திரும்பச் சோதிப்பது, பட்டியல் வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்குவது. மேதைமை என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கும் தொழிலில் பெரும்பகுதி குமாஸ்தா வேலையின் பொறுமை. 2019 ஜூலை 15 நள்ளிரவு தாண்டி, சந்திரயான் 2 கிளம்ப 56 நிமிடங்கள் இருக்கையில் கோளாறு தெரிந்தது. நாடு முழுக்கத் தொலைக்காட்சி முன் விழித்திருந்தது. நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் சரிசெய்து, 22ம் தேதி அனுப்பினார்கள். 1979ல் மீறப்பட்ட 'நிறுத்து' நாற்பது ஆண்டுகளில் மரியாதை பெற்றுவிட்டது.

இந்த வேலையில் கடலில் விழுவது ராக்கெட் மட்டும் என்றிருந்தால் பரவாயில்லை. 2004 பிப்ரவரி 23ல் ஸ்ரீஹரிகோட்டாவின் திட எரிபொருள் கூடத்தில் தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள். தீவு ஏவுதளமாவதற்கு முன் அதன் காடுகளில் வாழ்ந்த யானாதிப் பழங்குடிகள் இடம்பெயர வேண்டியிருந்தது. ராக்கெட் கிளம்பும் நாளில் பழவேற்காட்டு மீனவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை. 'சுலபம்' என்று சொல்ல உதவும் தொடருக்குள் இவர்கள் யாரும் வருவதில்லை.

ஒவ்வொரு பெரிய பயணத்துக்கும் முன் இஸ்ரோ தலைவர்கள் சூளூர்பேட்டைச் செங்காளம்மன் கோயிலுக்கு வந்து கும்பிடுவது செய்தியாகும், சர்ச்சையும் ஆகும். விஞ்ஞானிக்கு அம்மன் எதற்கு என்று கேட்கிறவர்கள் அந்த 37 சதவீதக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்கலாம். கும்பிட்டுவிட்டு வந்தாலும் வால்வைத் துடைத்தாக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

மீண்டும் மொழிக்கு வருவோம். 'இட் இஸ் நாட் ராக்கெட் சயின்ஸ்' என்பதை யார், யாரிடம் சொல்கிறார் என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது. தனக்குத் தெரிந்த வேலையைப் பற்றி ஒருவர் தானே சொல்லிக்கொண்டால் அடக்கம். பயந்துபோய் நிற்கும் புதியவரிடம் சிரித்துக்கொண்டு சொன்னால் தைரியம். தப்புச் செய்துவிட்ட ஊழியரிடம் அதிகாரி சொன்னால் 'உனக்கு இதுகூடத் தெரியாதா?' என்ற வசவு. மேலதிகாரியிடம் யாரும் இதைச் சொல்லாமலிருப்பது நலம். நேர்முகத் தேர்வில், முந்தைய வேலை கஷ்டமாக இருந்ததா என்று கேட்கும்போது இந்தப் பதிலைச் சொன்னால், செய்த வேலையைத் தானே மட்டம் தட்டியதாகிவிடும். கணக்கு வராத பிள்ளையிடம் ஆசிரியர் சொல்லவே கூடாது. வராத பிள்ளைக்கு எல்லாமே ராக்கெட் விஞ்ஞானம்தான்.

தமிழில் எழுதும்போது 'இது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல' என்று அப்படியே பெயர்த்துப் போடுவதும் இப்போது பழக்கமாகிவிட்டது. கம்ப சூத்திரம் கைவசம் இருக்கையில் அது வீண் இறக்குமதி. தவிர, தமிழ் மனதில் ராக்கெட்டுக்குக் கடினம் என்ற பொருளே இல்லை. வெங்காய விலை ராக்கெட் வேகத்தில் ஏறுகிறது, பையன் ராக்கெட் மாதிரி ஓடுகிறான். தீபாவளிக்குப் பாட்டிலில் வைத்துக் கொளுத்துவதும், வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து காகிதத்தில் விடுவதும் அதுதான். நமக்கு ராக்கெட் என்றால் வேகம்.

பார்க்கிறவர்களுக்கும் அப்படித்தான். 2019 ஏப்ரலில் ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் திறக்கப்பட்டது. அங்கே உட்கார்ந்தால் தலையை நிமிர்த்துவதற்குள் ராக்கெட் மேகத்துக்குள் போய்விடும். 2025 மே 18 விடியற்காலையில் பி.எஸ்.எல்.வி. சி61 அப்படித்தான் போனது, முதல் இரண்டு அடுக்குகளும் பிசகில்லாமல். மூன்றாவது அடுக்கில் எரிகலனின் அழுத்தம் திடீரென்று குறைந்தது. 1994 அக்டோபர் முதல் ஏறக்குறைய எல்லாப் பயணங்களிலும் வென்று, 2017ல் ஒரே தடவையில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோன வாகனம் அது. செயற்கைக்கோள் போய்ச் சேரவில்லை. காரணத்தைத் தேட ஒரு குழு அமைத்தார்கள்.